காலேஜில் சேர்ந்த முதல் வருஷம்: கிளாஸ், ஃபைல், பிஎச்டி மூன்றையும் ஓட்டுவது எப்படி

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டீர்கள், கூடவே பார்ட் டைம் பிஎச்டியும் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடம் நடத்துவதை எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். ஆளை அடிப்பது வாய்வழியாக வந்து சேரும் வேலைகள்தான். "ஏனுங் மேடம், ஒரு சின்ன வேலைங்க, அஞ்சு நிமிசந்தான்" என்று எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கேட்பார், நாமும் சரிங்க சார் என்போம், அது மூன்று நாளைத் தின்றுவிடும். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது நம் பக்கத்துப் பழக்கத்தில் இல்லை, சொல்லவும் வேண்டாம். "சரிங்க சார், நீங்க சொன்ன இந்த வேலையை வியாழக்கிழமைக்குள் முடிக்கிறேன், அதுவரைக்கும் லேப் மேனுவல் வேலையை நிறுத்தி வைக்கிறேன்" என்று அன்றைக்கே இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். மரியாதையும் கெடாது, எது எதனால் தள்ளிப்போனது என்பதற்குப் பதிவும் இருக்கும்.

டைம்டேபிள் போடுவதற்கு முன்னாலேயே போய்ப் பேசுங்கள், போட்ட பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்கிறது. நம் ஊர் தனியார் கல்லூரியில் அதைச் சட்டமாகப் பேசினால் எடுபடாது, ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைவிட அது எப்படி விழுகிறது என்பதில் கொஞ்சம் பேரம் பேசலாம். மூன்று புதுப் பாடத்துக்குப் பதிலாக ஒரே பாடத்தை இரண்டு செக்‌ஷனுக்குக் கேளுங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது தொடர்ச்சியாகக் காலியாக இருக்கும்படி கேளுங்கள், அதுதான் உங்கள் ஆராய்ச்சி நேரம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைக்கும் ஃப்ரீ ஹவரில் நோட்டு திருத்தலாம், பேப்பர் எழுத முடியாது. ஐந்து யூனிட்டுக்கும் பிபிடி முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன் என்று உட்காராதீர்கள், ஒரு யூனிட் முன்னால் இருந்தால் போதும்.

அடுத்தது ஃபைல். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) கமிட்டி வருகிறது என்றால் ராத்திரி எட்டு மணி வரை ஸ்டாஃப் ரூமில் லைட் எரியும், இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த கெஸ்ட் லெக்சருக்கு இன்றைக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்பார்கள். இதிலிருந்து தப்ப ஒரே வழி, நிகழ்ச்சி நடந்த அன்றைக்கே முடித்துவிடுவது. பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட சர்க்குலர், வந்தவருக்குப் போன அழைப்புக் கடிதம், மாணவர்கள் கையெழுத்திட்ட அட்டெண்டன்ஸ், ஒரு பக்க ரிப்போர்ட், அப்புறம் ஜியோ டேக் போட்டோ. இந்த போட்டோவில்தான் எல்லோரும் மாட்டுவார்கள், ஏனென்றால் தேதியும் இடமும் படத்திலேயே விழ வேண்டும், சாதாரண கேமராவில் எடுத்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. மொபைலில் ஜியோ டேக் ஆப்பைப் போட்டு, பேனர் தெரிகிற மாதிரி ஒன்று, கூட்டம் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து, அன்று சாயங்காலமே ஸ்கேன் செய்து வருஷவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு, ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் தர உறுதிப் பிரிவு) பொறுப்பாளருக்கும் மெயிலில் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் அட்மிஷன் வேலை வரும், அதாவது ஊர் ஊராகப் போய் மாணவர்களைக் கல்லூரியில் சேரச் சொல்லிக் கேட்பது. கோபி, சத்தியமங்கலம், தாராபுரம் என்று ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுவார்கள். இது ஆசிரியர் வேலையா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து, ஆனாலும் போகத்தான் வேண்டியிருக்கும். போகும் முன் ஓ.டி. (வெளியே போவதும் பணிதான் என்ற அனுமதி) எழுத்தில் வாங்குங்கள், பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இத்தனை பேரைச் சேர்த்துவிடுகிறேன் என்று மட்டும் எண்ணிக்கை சொல்லிவிடாதீர்கள்.

இனி பிஎச்டி. வேலையில் இருப்பவர் பார்ட் டைமாகச் சேர கல்லூரியிடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி, ஆராய்ச்சி செய்யப் போதுமான நேரம் இவருடைய பணியில் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்கு (பிஎச்டிக்காகப் படிக்க வேண்டிய பாடங்கள்) விடுவிப்போம் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். பலர் இதைப் படிக்காமலே சமர்ப்பித்துவிடுகிறார்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், கோர்ஸ் வொர்க் தேதியும் இன்விஜிலேஷன் (தேர்வு அறை மேற்பார்வை) தேதியும் மோதும்போது சண்டை போடாமல் அதை எடுத்து நீட்டலாம். பிஎச்டி முடிக்கக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6, அதற்கு மேல் மறுபதிவில் 2 வருஷம், பெண்களுக்கு இன்னும் 2 வருஷம் தளர்வு உண்டு.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர் பட்டியலைவிட அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் வெளியே வந்தார்கள் என்று பாருங்கள். ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் கிடைக்கும், ஒன்றிரண்டைப் புரட்டினாலே தரம் தெரிந்துவிடும். அப்புறம் அவருடைய ஸ்காலர் ஒருவரோடு கேன்டீனில் டீ குடியுங்கள். அறையில் சொல்லாததை அங்கே சொல்வார்.

திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பம்ப் தொழிற்சாலை என்று தலைப்பு எடுப்பவர்கள் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் போன் செய்து சொன்ன பிறகு நேரில் போங்கள். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு எந்த முதலாளியும் உட்கார்ந்து பேச மாட்டார். சாயப்பட்டறை என்றால் இன்னும் கவனம் தேவை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, கேள்வித்தாளோடு வருகிறவரைப் பொல்யூஷன் போர்டு ஆள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம், பெயர் வெளியே வராது என்ற உறுதி, இரண்டும் கையில் இருக்கட்டும்.

பேப்பர் எழுத ஆரம்பிக்கும் முன்பே யார் பெயர் எந்த வரிசையில் என்று மெயிலில் முடித்துக்கொள்ளுங்கள். வேலையே செய்யாதவர் பெயரும் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வது ஊரறிந்த வழக்கம்தான், எழுதி முடித்த பிறகு அதைத் தடுக்க முடியாது. காசு கட்டினால் பத்து நாளில் போடுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஜர்னல்கள் பக்கம் போகாதீர்கள். நம்பகமான ஜர்னல்கள் இவை என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலை அது 2025ல் கைவிட்டுவிட்டது, ஆகவே நல்லது கெட்டது பார்க்கும் பொறுப்பு இப்போது நம் தலையில்.

ஸ்டாஃப் ரூமில் "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்து எந்தக் கூட்டம் (சாதிக்குள் உள்ள குலப் பிரிவு) என்பது வரைக்கும் போகும். ஊர்ப் பெயரோடு நிறுத்திவிட்டுக் கிளாசுக்குக் கிளம்பிவிடலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் லீவு போட்டபோது ஆல்ட்டர் (உங்களுக்குப் பதிலாக வகுப்பு) எடுத்தவர்களுக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்க மறக்காதீர்கள், ஒரு டைரியில் குறித்து வையுங்கள். பெற்றோர் போன் எத்தனை மணி வரை எடுப்பீர்கள் என்பதை முதல் மீட்டிங்கிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கட்டாயம் வைத்துக்கொள்வோம் என்றால் எந்தெந்தச் சர்டிபிகேட் என்று எண்ணோடு எழுதி, சீல் வைத்து ரசீது வாங்காமல் ஆபீஸை விட்டு வராதீர்கள். வேலையை விடுவதானால் செமஸ்டர் முடிவில் விடுங்கள், ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வந்த பிறகு அடுத்த கல்லூரிக்குச் சேரும் தேதியைச் சொல்லுங்கள்.