சின்னப் பசங்களுக்கு ஜாம்பி, பேய், மான்ஸ்டர்லாம் காட்டுறப்போ நாம பண்ற தப்புங்க

மான்ஸ்டர்னா பசங்களுக்குப் பயமும் இருக்கும், ஆசையும் இருக்கும். அதனால மொத்தமா மறைச்சு வைங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், எப்படியும் கூட விளையாடுற யாராச்சும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உர்ர்னு நடந்து காட்டத்தான் போறாங்க. ஆனா நாம காட்டுற விதத்துல சில தப்பு நடக்குது, அது குழந்தைய ரொம்ப நாள் படுத்தி எடுத்துடும்.

இதுல ரொம்ப மோசமானது சொல்லாம கொள்ளாம மாஸ்க் போட்டுக்கிட்டு கதவுக்குப் பின்னாடி இருந்து பாயுறது. உள்ள இருக்கிறது அப்பாதான்னு நமக்குத் தெரியும், மூணு வயசுக்கு அது அவ்ளோ உறுதியா தெரியாது. 1969ல ரீட்டா டெவ்ரீஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர், மேனார்டுன்னு ஒரு சாதுவான பூனைய 3 வயசுல இருந்து 6 வயசு வரைக்கும் உள்ள பசங்க கிட்ட காட்டிட்டு, அப்புறம் அது முன்பக்கத்த மட்டும் மறைச்சு நாய் முகமூடிய மாட்டி விட்டாங்க. வாலும் பின்பக்கமும் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு, அப்பவும் மூணு வயசுப் பசங்கள்ல நிறைய பேர் பூனை நாயாவே மாறிடுச்சுன்னுதான் நம்புனாங்க. ஆறு வயசுப் பசங்களுக்கு அது வேஷம்னு புரிஞ்சுச்சு.

இப்ப ஜாம்பிய யோசிச்சுப் பாருங்க, அந்தக் கதையே தெரிஞ்ச ஆளு வேற ஒன்னா மாறுறதுதானே. அதனால சின்னதுங்களுக்கு ஜாம்பிய கடைசியா வைங்க, உருண்டையா கொழுகொழுன்னு இருக்கிற கலர் மான்ஸ்டர்ல இருந்து ஆரம்பிங்க. மாஸ்க் வேணும்னா குழந்தை பாக்க பாக்க மாட்டுங்க, கழட்டுங்க, அது கையில குடுத்து மூக்கு ஓட்டைல விரல விட்டுப் பாக்க விடுங்க, தலகாணிக்கு மாட்டச் சொல்லுங்க. தானா போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு கத்துற அளவுக்கு வந்துட்டா பாதி பயம் போயிடும்.

கடிச்சா நீயும் ஜாம்பி ஆயிடுவங்கிற ரூல் இந்த வயசுக்கு வேணவே வேணாம். கரீபியன் தீவு நாடான ஹைட்டி மக்களோட பழைய நம்பிக்கைல ஜாம்பி ஆள் தின்னாது, சுயபுத்தி இல்லாம இன்னொருத்தர் சொல்றத செய்யும், அவ்ளோதான். ஆள் தின்னுற ஜாம்பி பரவுனது 1968ல ஒரு அமெரிக்கப் படம் வந்ததுக்கு அப்புறம். அந்தப் பழைய ஜாம்பி விளையாட்டுக்கு செம்மயா செட் ஆகும், நீங்க ஜாம்பி, குழந்தை நில்லுன்னா நிக்கணும், உக்காருன்னா உக்காரணும். குழந்தை சொல்லி நீங்க நிக்காம துரத்துனீங்கன்னா விளையாட்டே கெட்டுச்சு, அழுதா சிரிக்காதீங்க ப்ளீஸ்.

அடுத்து, "அதெல்லாம் பொய்டா, பேயே கிடையாது"ன்னு ஒரே வரில முடிச்சுடுறது. பொய்னு குழந்தைக்குத் தெரிஞ்சிருந்தாலும் பயம் வரும். 1991ல பால் ஹாரிஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளரோட குழு 4, 6 வயசுப் பசங்க கிட்ட காலிப் பெட்டிய காட்டி உள்ள ஒரு மான்ஸ்டர் இருக்கிற மாதிரி கற்பனை பண்ணச் சொன்னாங்க, நிஜம் இல்லைன்னு தெரிஞ்சிருந்தும் சில பசங்க அந்தப் பெட்டியோட தனியா இருக்க ஒத்துக்கல. அதனால மொதல்ல பக்கத்துல உக்காந்து கட்டிப் புடிங்க, விளக்கம் அப்புறம். அதுக்காக தினமும் ராத்திரி டார்ச் அடிச்சு கட்டிலுக்கு அடியில சீரியஸா தேடுறதும் எனக்குச் சரியா படல, இருக்கலாம்போலன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

சாப்பிடலன்னா பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிடும்னு மட்டும் தயவு செஞ்சு சொல்லாதீங்க, பயம் வந்தா குழந்தை ஓடி வரவேண்டியதே உங்க கிட்டதான்.

வீட்ல சமீபத்துல யாராச்சும் இறந்திருந்தா ஜாம்பி பேச்சையே தள்ளிப் போடுங்க. செத்தவங்க திரும்ப வரவே மாட்டாங்கன்னு புரியுறதே இந்த வயசுல கஷ்டம், இதுல செத்தவங்க எழுந்து நடக்குற கதைய சொன்னா தாத்தாவும் அப்படி வருவாரான்னு கேக்கும். கேட்டா மழுப்பாம, வரமாட்டாரு, அது கதைல மட்டும்தான்னு நேரா சொல்லுங்க.

படுக்கப் போற நேரத்துல இதெல்லாம் வேணாம், பகல்லயே முடிச்சுக்கோங்க. போனக் குடுத்துட்டு நகர்ந்து போயிடாதீங்க, கார்ட்டூன் முடிஞ்சு தானா அடுத்து ஓடுற வீடியோ என்னன்னு உங்களுக்கே தெரியாது. குழந்தை கண்ண மூடிக்கிச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க. வாரக்கணக்கா தூங்காம, பாத்ரூமுக்குக்கூட தனியா போகாம இருந்தா குழந்தைகள் டாக்டர் கிட்ட ஒரு தடவ பேசிடுங்க.