ஆப்கானிஸ்தான் ஆஸ்திரேலியாவை வெல்லுமா? வாய்ப்பை நீங்களே கணக்கிடும் முறை

ஆட்டத்துக்கு முன்னால் டிவியில் காட்டும் வெற்றி சதவீதத்தை நான் நம்புவதில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கூகுள் ஷீட்டும் ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ தளத்தின் புள்ளிவிவரத் தேடலான ஸ்டாட்ஸ்குருவும் இருந்தால் நாமே போட்டுப் பார்க்கலாம். எக்செலும் சரிதான், ஆனால் ஷீட்ஸை ஆட்டம் பார்த்துக்கொண்டே போனில் திருத்தலாம்.

படி 1: ஆட்டங்களைத் திரட்டுங்கள்

2025 வரை இரு அணிகளும் மோதியது ஏழு முறைதான்: ஒருநாள் ஐந்து, டி20 இரண்டு. 2012 ஷார்ஜா ஆட்டம் தவிர எல்லாமே ஐசிசி தொடர்களில் நடந்தவை. தாலிபான் ஆட்சியில் பெண்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளைக் காரணம் காட்டி, 2021 ஹோபார்ட் டெஸ்ட் முதல் இருதரப்பு ஆட்டங்களை ஆஸ்திரேலிய வாரியம் தள்ளிவைத்தோ கைவிட்டோ வருகிறது. அதனால்தான் பட்டியல் இவ்வளவு சிறியது. ஒருநாளையும் டி20-யையும் தனித்தனித் தாளில் வையுங்கள்.

படி 2: முடிவை விட்டுவிட்டு நிலையைக் குறியுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். ஏழில் ஆப்கானிஸ்தான் வென்றது ஒன்று, ஒன்றில் முடிவில்லை. 'வெற்றி/தோல்வி' என்று மட்டும் எழுதினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, சேஸிங்கின் நடுப்பகுதியில் யார் கை ஓங்கியிருந்தது என்று பாருங்கள். ஆப்கானிஸ்தான் என்றால் 1, சமம் என்றால் அரை, இல்லையென்றால் 0.

2023 உலகக் கோப்பை, மும்பை. இப்ராஹிம் ஸத்ரான் 129 அடித்து ஆட்டமிழக்காமல் நிற்க, ஆப்கானிஸ்தான் 291. பதிலுக்கு ஆஸ்திரேலியா 91 ரன்னுக்கு 7 விக்கெட். 33 ரன்னில் மேக்ஸ்வெல் கொடுத்த கேட்சை முஜீப் விட்டார். மேக்ஸ்வெல் 201 அடித்து ஆட்டத்தை முடித்தார். ஸ்கோர்கார்டு இதைத் தோல்வி என்கிறது, என் ஷீட்டில் 1. அவ்வளவு பெரிய அணியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அணியின் திறமை. அதற்குப் பிறகு நடந்தது ஒரு மனிதரின் அபூர்வ ஆட்டம். அது அடுத்த முறையும் நடக்கும் என்று வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

2015 பெர்த்தில் ஆஸ்திரேலியா 417 குவித்தது, அதற்கு 0. 2012 ஷார்ஜா, 2019 பிரிஸ்டல் இரண்டுக்கும் 0. டி20-யில் 2022 அடிலெய்டு ஆட்டம் ஆப்கானிஸ்தானுக்கு நான்கு ரன் வித்தியாசத்தில் கைநழுவிப் போனது, அரை. 2024 செயின்ட் வின்சென்ட்டில் ஆப்கானிஸ்தான் 148 எடுத்து, அதன் குல்பதின் நயீப் 20 ரன்னுக்கு 4 விக்கெட் எடுக்க, 21 ரன்னில் வென்றார்கள். அது 1.

படி 3: ஆடுகளத்தைச் சேருங்கள்

ஏழு ஆட்டம் போதாது. அதனால் மற்ற வலுவான அணிகளோடு ஆடியவற்றையும் எடுங்கள், ஆனால் ஆடுகளத்தின் தன்மையைப் பார்த்துப் பிரித்து. 'சொந்த மண்' வடிகட்டி இங்கே உதவாது. ஆப்கானிஸ்தானின் சொந்த ஆட்டங்களே பெரும்பாலும் அமீரகத்திலும் இந்தியாவிலும்தான் நடந்திருக்கின்றன. சுழலுக்கு உதவும் களங்களை ஒரு பக்கம் வையுங்கள்: 2023-இல் டெல்லியில் இங்கிலாந்தையும் நம் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானையும் வென்றது, 2024-இல் கயானாவில் நியூசிலாந்தை 84 ரன்னில் சாய்த்தது, ஷார்ஜாவில் தென்னாப்பிரிக்காவிடமிருந்து தொடரைப் பறித்தது. அதே 2024-இல் டிரினிடாட்டின் தரூபாவில், பந்து தாறுமாறாக எழும்பிய களத்தில், டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் 56 ரன்னுக்குச் சுருண்டதை எதிர்ப்பக்கம் வையுங்கள்.

படி 4: எண்ணைச் சொல்லுங்கள்

ஷீட்டில் உள்ள குறிகளையும் களத்தையும் சேர்த்துப் பார்த்தால், சுழலுக்கு உதவும் மெதுவான களத்தில் டி20 என்றால் ஆப்கானிஸ்தானுக்கு நூற்றுக்கு 45 கொடுப்பேன். அதே களத்தில் ஒருநாள் ஆட்டம் என்றால் 30. பெர்த் மாதிரி எகிறும் களம் என்றால் 10-க்கு மேல் போக மாட்டேன்.

பின்சேர்க்கை: மழையால் முடிவில்லாமல் போன 2025 லாகூர் ஆட்டத்தை என்ன செய்வது என்று கருத்துப் பகுதியில் பலர் கேட்டிருந்தார்கள். நீக்காதீர்கள். 274 இலக்கைத் துரத்திய ஆஸ்திரேலியா 12.5 ஓவரில் 109/1. அதன் தொடக்க ஆட்டக்காரர் டிராவிஸ் ஹெட் அரைசதம் தாண்டி நின்றார். மும்பைக்கு 1 கொடுத்த அதே விதிப்படி இதற்கு 0 போட வேண்டும். அணியின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும்.