தோட்டத்திலிருந்து ஊருக்கு: மலையகக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடும் வழி

இலங்கை மலையகத்திலிருந்து பூர்வீகத்தைத் தேடக் கிளம்பும் பலர் முதலில் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து, அப்பாயி எப்போதோ சொன்ன ஊர்ப்பெயரைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் தேடல் அதோடு நின்றுவிடுகிறது. புதுப்பட்டி, நல்லூர், புதூர் என்ற பெயரில் அங்கே எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. எது நம்முடையது என்று சொல்ல ஒன்றுமே கையில் இருக்காது.

தேடலைத் தோட்டத்தில்தான் தொடங்க வேண்டும். 1820களில் கோப்பிக்காகவும், 1867க்குப் பிறகு தேயிலைக்காகவும் வந்த நம் முன்னோர் தனித்தனி ஆளாக வரவில்லை. தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும், தன் உறவுக்காரர்கள் நடுவிலுமே ஆள் சேர்த்தார். அதனால் உங்கள் பாட்டனின் ஊர் தெரியாவிட்டாலும், அதே கங்காணியின் கீழ் பெயர் பதிந்திருந்த அடுத்த லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பத்தின் ஊர் தெரிந்தால் போதும். உங்கள் ஊர் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரே முதலெழுத்து, தாத்தா பெயரே பேரனுக்கு. தனியாள் பெயரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைமுறைக்கு மேல் போக முடியாது. கங்காணியின் பெயரைப் பிடித்துக்கொண்டால் போகலாம்.

பெரியவர்களிடம் கேட்பது

காகிதம் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும், எண்பது வயதுக்காரர் காத்திருக்கமாட்டார். ஆகவே எந்த அலுவலகத்துக்கும் போகுமுன் இதை முடியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரோடு நிறுத்தாமல் அதே டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருக்கும் மற்ற குடும்பங்களின் பெரியவர்களிடமும் போங்கள்.

“எந்த வருஷம் வந்தீங்க?” என்று கேட்டால் பதில் வராது. நடந்த ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். கொழும்பில் குண்டு விழுந்தபோது, அதாவது 1942 ஏப்ரலில், அப்பா எந்தத் தோட்டத்தில் இருந்தார்? 1949-51இல் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியபோது மூத்த பிள்ளை பிறந்திருந்ததா? தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பருக்கு முன்னால் யாராவது கப்பலேறினார்களா? எழுபதுகளின் பஞ்சத்தில் யார் யார் இறந்தார்கள்? இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு வருட வித்தியாசத்துக்குள் காலம் பிடிபடும். 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. “தடை வந்த பிறகுதான் தாத்தா முதல் தடவையாக வந்தார்” என்று யாராவது சொன்னால் மறுபடி விசாரியுங்கள். ஏற்கெனவே இங்கிருந்தவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பயணமாக அது இருக்கலாம்.

ஊர்ப்பெயர் மறந்தவருக்கும் வழி ஞாபகம் இருக்கும். எந்த ஸ்டேசனில் ரயில் ஏறினார்கள், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடை, சந்தைக்கு எந்த ஊருக்குப் போவார்கள், பக்கத்தில் ஓடிய ஆறு எது என்று கேளுங்கள். மண்டபம் கேம்ப்பில் தங்கி தலைமன்னார் வழியாக வந்தார்களா, தட்டப்பாறை, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு வந்தார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வழி என்றால் தெற்கத்திச் சீமையாக இருக்கலாம் என்பது ஒரு குறிப்புத்தான், முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, “உங்க குலசாமி எது, எங்க இருக்கு?” என்று கேளுங்கள். தோட்டத்து மாரியம்மனையும் ரோதமுனியையும் எல்லோரும் கும்பிடுவார்கள், அது தேடலுக்கு உதவாது. வருடத்தில் ஒருநாள் ஒரே வகையறா மட்டும் கூடிக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் சாமிதான் வேண்டியது. அந்தச் சாமிக்குப் பெரும்பாலும் ஊர்ப்பெயரோடு சேர்ந்த முழுப்பெயர் இருக்கும். இங்குள்ள கோயில் பிடிமண் எடுத்து வந்து கட்டப்பட்டதென்றால், எந்த ஊர்க் கோயிலின் மண் என்பதைப் பூசாரி குடும்பத்தில் யாராவது சொல்வார்கள். ஊர்ப்பெயரை மறந்த குடும்பங்கள் ஏராளம், சாமியை மறந்த குடும்பம் குறைவு.

தாய்வழியை விட்டுவிடாதீர்கள். பெண்களின் பெயர் பழைய காகிதங்களில் குறைவாகவே இருக்கும், ஆனால் ஒப்பாரியில் பிறந்த ஊரையும் அண்ணன் தம்பிகளையும் பெயர் சொல்லி அழுவார்கள். அம்மாயிக்குத் தன் தாய் பாடிய ஒப்பாரியில் நாலு வரி ஞாபகமிருந்தாலும் பாடச் சொல்லி, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வையுங்கள். ஆளைக் குறிக்கும்போது “ராமசாமி” என்று மட்டும் எழுதினால் ஆறு மாதத்தில் நீங்களே குழம்பிப் போவீர்கள். “பெரியண்ணன் மகன் ராமசாமி, இன்ன தோட்டம், மேல் கணக்கு (மேல் டிவிசன்), ஐந்தாம் லயம்” என்று முழுதாக எழுதுங்கள்.

சான்றிதழ்கள்

பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகள் பிரதேச செயலகங்களில் இருக்கின்றன. தேடுவதற்குப் பிறந்த இடமும் உத்தேசக் காலமும் வேண்டும், பதிவு இலக்கம் கிடைத்தால் வேலை சுலபம். அண்மையில் புதிய பிரதேச செயலகப் பிரிவுகள் வந்துள்ளதால், இப்போது உங்கள் தோட்டம் இருக்கும் பிரிவில் பழைய புத்தகம் இல்லாமல் போகலாம். “பதிவு இல்லை” என்ற பதில் வந்தால், அந்தக் காலத்தில் அந்தத் தோட்டம் எந்தப் பதிவாளர் பிரிவில் இருந்தது என்று கேட்டு அங்கே மறுபடி விண்ணப்பியுங்கள்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. தகப்பன், தாய் விபரங்களுக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும். பூட்டனாருக்கும் அப்படியே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டதோடு ஒட்டியது இது. அந்தக் கூடு நிரம்பியிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும். காலியாக இருந்தால், பாட்டனார் இந்தியாவில் பிறந்தவர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். விபரம் கொடுத்தவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

மக்கள் தேடாமல் விடுவது மரணச் சான்றிதழை. இறந்தவரின் பெற்றோர் பெயரை எழுதும் இடம் அதில் இருக்கிறது. இந்தியாவில் பிறந்து இங்கே இறந்த பூட்டனுக்கு இங்கே பிறப்புப் பதிவு கிடையாது, ஆனால் அவருடைய மரணப் பதிவில் அவரது தகப்பன் பெயர் இருக்கலாம். கடல் கடக்காத தலைமுறையின் பெயர் அது. தமிழ்நாட்டில் போய்க் கேட்கும்போது அந்தப் பெயர்தான் கதவைத் திறக்கும்.

சான்றிதழில் வயதை நம்பாதீர்கள். தாமதமாகப் பதிந்தவையும், உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து எழுதியவையும் நிறைய. வேலைக்குப் பெயர் பதிவதற்காக வயதைக் கூட்டியதும் உண்டு. பெயர்களோ தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் பிறகு சிங்களத்துக்கும் போய் வந்தவை. பழைய ஆங்கிலப் பதிவுகளில் கறுப்பன் ‘கே’ எழுத்திலும் இருப்பார், ‘சி’ எழுத்தில் ‘கார்ப்பன்’ என்றும் இருப்பார். முத்து ‘மூட்டூ’ ஆகியிருப்பார். தேடும்போது எழுத்தைப் பார்க்காமல் உரக்கச் சொல்லிப் பாருங்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதியிருப்பார். தோட்டத்தில் நடந்த கல்யாணங்களில் பலவும் பதியப்படாதவை, ஆகவே விவாகச் சான்றிதழ் இல்லாததை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

கத்தோலிக்க, அங்கிலிக்கன் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் புத்தகம் அரசுப் பதிவைவிடக் கைகொடுக்கும். ஞானத் தகப்பன், ஞானத் தாய் யாரென்று பாருங்கள், அவர்கள் பெரும்பாலும் உறவுக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார்கள்.

பிரஜாவுரிமைக் கோப்பு

கிடைக்கக்கூடிய காகிதங்களில் இதைவிட மதிப்பானது வேறில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் வரை விண்ணப்பங்கள் வாங்கப்பட்டன. 1946 ஜனவரி 1க்கு முன்னால் மணமானவர் 7 வருடமும், மணமாகாதவர் 10 வருடமும் இடையறாமல் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அதை நிரூபிக்க எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தார், எப்போது ஊருக்குப் போய் எப்போது திரும்பினார், மனைவி பிள்ளைகள் யார் யார் என்றெல்லாம் எழுத வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியவர்களுக்கு அதுவே வினையானது. நம் மக்களுக்குப் பெரும் அநியாயம் செய்த அந்தச் சட்டம், அவர்களுடைய வாழ்க்கையைத் தாளில் எழுதியும் வைத்திருக்கிறது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் என்றால் விசாரணையில் கேட்ட கேள்வியும் பதிலும்கூடக் கோப்பில் இருக்கலாம், அதனால் “நமக்குத்தான் கிடைக்கவில்லையே” என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் வீட்டுத் தகரப்பெட்டியைப் பாருங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழோ கடிதமோ இருந்தால் அதிலுள்ள கோப்பு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக் கேட்டால் வேலை நடக்காது. குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதில் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். தோட்டப் பெயர், குடும்பத் தலைவர் பெயர், தகப்பன் பெயர், உத்தேச ஆண்டு நான்கையும் எழுதுங்கள்.

பெட்டியில் துளையிட்ட சிறு தகரத் தகடு ஒன்று கிடந்தால் வீசிவிடாதீர்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட் முறையில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும், தோட்டத்துக்கு ஓர் இலக்கமும், ஆளுக்கு ஓர் இலக்கமும் அதில் பதிக்கப்பட்டன. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து போய்விடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழ வைத்துப் படமெடுங்கள்.

தோட்ட அலுவலகம்

தொழிலாளர் பெயரும் சம்பளமும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் முழுமையாகக் கிடைப்பது அரிது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களிலும் 1992இல் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் பலவும் தொலைந்தன. இருந்தாலும் டிஸ்பென்சரியில் வைத்திருந்த பிறப்பு, இறப்புப் புத்தகம், 1958க்குப் பிந்திய சேமலாப நிதிப் பதிவுகள் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். பெரிய கிளாக்கரிடம் நேரில் போய், எந்த வருடம், எந்த டிவிசன் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. சம்பள நாளில் போகாதீர்கள்.

நாம் சொல்லும் தோட்டப் பெயர் ஒன்று, காகிதத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயர் வேறு. சிறிய தோட்டங்கள் பெரியவற்றோடு சேர்ந்து டிவிசன்களாகவும் மாறின. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் டிரெக்டரியின் பழைய ஆண்டுப் பதிப்புகளைப் பாருங்கள். எந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டம், யாருடையது, யார் துரை, எத்தனை ஏக்கர் என்று இருக்கும். பத்து ஆண்டு இடைவெளியில் மூன்று நான்கு பதிப்புகளை ஒப்பிட்டால் பெயர் மாற்றம் விளங்கிவிடும்.

கடலுக்கு அப்பால்

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன உறவினரைத் தேடுங்கள். கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா ரப்பர் தோட்டங்கள் என்று பலர் குடியேற்றப்பட்டார்கள். அவர்களிடம் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கலாம். ஆனால் ஒன்று கவனம்: அதிலுள்ள இந்திய விலாசம் குடியேற்றப்பட்ட இடமாக இருக்கலாம், பூர்வீக ஊர் என்று கொள்ளாதீர்கள்.

பழைய காகிதத்தில் ஊர், தாலுகா, ஜில்லா கிடைத்தால் இன்றைய மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். “திருச்சி ஜில்லா” இன்று திருச்சி, கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று பிரிந்து கிடக்கிறது. “சேலம் ஜில்லா” என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லையும் பாருங்கள். “மதுரை” என்றால் திண்டுக்கல்லும் தேனியும், “ராமநாதபுரம்” என்றால் சிவகங்கையும் விருதுநகரும் சேரும். “புதுக்கோட்டை ஸ்டேட், ஆலங்குடி தாலுகா” என்றிருந்தால் அது 1948க்கு முந்திய தகவல், அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். தாலுகா பெயர் ஜில்லாவைவிட முக்கியம், ஒரே தாலுகாவுக்குள் ஒரே பெயரில் இருக்கும் ஊர்கள் சிலவே.

ஊருக்குப் போனால் அலுவலகத்துக்கு முன் குலசாமி கோயிலுக்குப் போங்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் பெரியவருக்கு எந்த வகையறாவில் எந்தக் கிளை எங்கே போனது என்பது தெரியும். “கண்டிக்காரர் வீடு”, “சிலோன்காரர் வீடு” என்று யாரையாவது சொல்வார்களா என்று விசாரியுங்கள். கும்பிடும் சாமி, கடல் கடக்காத தலைமுறையின் பெயர், இங்கிருந்து போனவரின் பெயர் மூன்றும் ஒத்துப்போனால்தான் உறவென்று கொள்ளுங்கள். இரண்டு மட்டும் ஒத்தால் இன்னும் தேட வேண்டும்.

போனவுடனே சொல்லிவிட வேண்டிய ஒன்றுண்டு: காணியில் பங்கு கேட்டு வரவில்லை என்பது. நிலத்தைப் பற்றிய பயத்தால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. பாகப் பத்திரத்தைப் பார்க்கக் கேட்பதென்றால் இரண்டாம் தடவை போகும்போது கேளுங்கள். குலசாமியும் வகையறாவும் சாதியைக் காட்டிவிடும் என்பதால், கண்டுபிடித்ததை மற்றக் குடும்பங்களின் பெயரோடு பொதுவில் போடுமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தகவல் தந்த லயத்துப் பெரியவருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள், அவருடைய கங்காணியின் கூட்டத்தில் வந்த மற்ற வீடுகளுக்கும் அது தேவைப்படும்.