டாங்கி மாடலுக்குத் தார்ப்பாய்: டிஷ்யூ பேப்பரே போதும்

1/35 அளவு (நிஜத்தைவிட 35 மடங்கு சிறிய) டாங்கி மாடலில் தார்ப்பாயோ படுக்கைச் சுருளோ வைக்க வேண்டுமா? டிஷ்யூ பேப்பரின் ஒரே ஓர் அடுக்கைப் பிரித்தெடுத்து, சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனையுங்கள். இருக்க வேண்டிய இடத்திலேயே அதைப் போட்டு, ஈரமான பிரஷ்ஷால் மடிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். ராத்திரி முழுக்கக் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், பிறகு பெயின்ட்.

பலர் கைக்குட்டைத் துணியை வெட்டிப் போடுகிறார்கள். துணி 0.2 மில்லிமீட்டர் தடிமன் என்றாலும் நிஜ அளவுக்கு 35 மடங்காக்கிப் பார்த்தால் அது 7 மில்லிமீட்டர். தார்ப்பாய் இல்லை, மெத்தை! நெசவும் பெரிதாகத் தெரியும். டிஷ்யூவோ நனைந்ததும் தொய்ந்து மூலைமுடுக்கெல்லாம் படிந்துவிடும். 1944 நார்மண்டிப் போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மனைச் செய்கிறீர்கள் என்றால் எஞ்சின் மேல்தட்டில் தாராளமாகவே அடுக்கலாம். நிறம் மட்டும் டாங்கியின் பச்சையைவிடச் சற்று வெளிறி இருக்கட்டும்.

1/72 அளவுக்கு இது சரிவராது, ஒற்றை அடுக்கே தடிப்பாகத் தெரியும். பூ வேலைப்பாடு புடைப்பாகப் பதித்த டிஷ்யூவும் வேண்டாம். ஃபெவிகால் தண்ணீர் பட்டால் இளகும். அதனால் அக்ரிலிக் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்துப் பூசுவதற்கு முன் ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.