கம்ப்யூட்டர் குரூப்: எடுக்கும்போதும் படிக்கும்போதும் செய்யக் கூடாத தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, "பிள்ளை ஐ.டி. வேலைக்குப் போகணும், அதனால கம்ப்யூட்டர் குரூப்" என்று பெற்றோர் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிளஸ் 1, பிளஸ் 2வில் கணக்கு, இயற்பியல், வேதியியலோடு கணினி அறிவியல் படிப்பதுதான் கம்ப்யூட்டர் குரூப். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் (சேர்க்கைக்கான மதிப்பெண்) 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதில் கால் மதிப்பெண்கூடச் சேராது. உயிரியலும் கணக்கும் சேர்ந்த குரூப்பில் படித்தவரும் இதே கட்-ஆஃபில் சி.எஸ்.இ. (கணினிப் பொறியியல்) சேரலாம், நீட் எழுதவும் அவருக்கு வழி இருக்கும். மருத்துவமா, பொறியியலா என்று தெளிவில்லாத பிள்ளையை அவசரப்பட்டுக் கம்ப்யூட்டர் குரூப்பில் தள்ள வேண்டாம்.

கணக்குக்குப் பயந்து ஒதுங்குவது இதைவிடப் பெரிய இழப்பு. வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படிக்கும் குரூப் நல்ல குரூப்தான். ஆனால் அங்கிருந்து பி.இ. போக முடியாது. பி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டுப் பட்டப்படிப்பு) முடித்து 2 ஆண்டு எம்.சி.ஏ.வுக்கு (அதன் மேற்படிப்பு) விண்ணப்பிக்கும்போது, பிளஸ் 2விலோ பட்டப்படிப்பிலோ கணக்கு படித்தீர்களா என்று கேட்கலாம். ஆகவே பி.சி.ஏ. சேரும் முன்பே அந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் கணக்குத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பலர் கண்ணில் படாத இன்னொரு வழி. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் 2 தேறியிருந்தால் போதும், எந்த குரூப்பும் சரி. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை, 4 வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

சரியான குரூப்பில் சேர்ந்தவர்களும் தடுக்கி விழும் இடம், புரோகிராமை மனப்பாடம் செய்வது. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண் என்பதால் ஒப்பித்தே தேறிவிடலாம், ஆனால் கோடிங் வராது. பிளஸ் 1இல் சி++, பிளஸ் 2வில் பைத்தான் என்று இரண்டு புரோகிராமிங் மொழிகள். 5 / 2 என்று எழுதினால் சி++ 2 என்கிறது, பைத்தான் 2.5 என்கிறது. பைத்தானில் இன்புட் (input) என்ற கட்டளை மூலம் 5, 3 வாங்கிக் கூட்டினால் 8 வராது, 53 வரும். அது வாங்குவது எண்ணை அல்ல, எழுத்தை. இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்றிய பிறகுதான் 8. எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) என்றால் 9உடன் நின்றுவிடும். வரித் தொடக்கத்தில் டேபையும் ஸ்பேஸையும் கலந்தால் புரோகிராம் ஓடாமல் போகலாம்; எப்போதும் 4 ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்திலுள்ள புரோகிராமை டைப் செய்ததும் ரன் கொடுத்துவிடாதீர்கள். என்ன விடை வரும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து, ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். எர்ரர் வந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காமல், அது காட்டும் வரி எண்ணைப் பாருங்கள்; அந்த வரியில் தவறு தெரியவில்லை என்றால் அதற்கு மேல் வரியில் மூடாத அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் லேப்டாப் இல்லாதவர்கள் புரோகிராமை நோட்டில் எழுதிக்கொண்டு லேபுக்குப் போங்கள். கிடைக்கும் நேரம் முழுவதும் ஓட்டவும் திருத்தவும் மிஞ்சும்.