லாம்டா லிமிட்டை ஏற்றச் சொல்லிக் கேட்பது எப்படி

ஒரு பயிற்சி மையத்துக்கு மாதிரித் தேர்வு ரிசல்ட் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். அது ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் ஓடுகிறது: நாம் எழுதும் கோடை (ஃபங்ஷன்) ரிக்வெஸ்ட் வரும்போது மட்டும் ஓட்டித் தரும் அமேசானின் கிளவுட் சேவை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரிசல்ட். ஆறு அடித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன்: "சார், பக்கமே வரலை." பிரவுசரில் 429, அதாவது ரிக்வெஸ்ட் அதிகம் என்ற பிழை எண். ஃபங்ஷன் லாக்கில் ஒரு பிழையும் இல்லை. ஓடவே விடாத ஃபங்ஷனுக்கு லாக் எங்கிருந்து வரும்? அது புரியாமல் அரை மணி நேரம் கோடைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

லாம்டாவில் ஒரே சமயத்தில் கையாளக்கூடிய ரிக்வெஸ்ட் எண்ணிக்கை வழக்கமாக ஒரு ரீஜனுக்கு (சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) 1,000. புதுக் கணக்குக்கு இதைவிடக் குறைவாக இருக்கும் என்று அவர்களின் ஆவணத்திலேயே போட்டிருக்கிறது. படிக்காதது நான்தான். என் கணக்கில் இருந்தது 10.

ஏடபிள்யூஎஸ்ஸில் லிமிட்களைப் பார்க்கவும் ஏற்றச் சொல்லிக் கேட்கவும் உள்ள 'சர்வீஸ் கோட்டாஸ்' பக்கத்தில் லாம்டாவைத் திறந்து 'கன்கரன்ட் எக்ஸிக்யூஷன்ஸ்' வரியைப் பாருங்கள். முதலில் மேலே ரீஜன் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள் (எனக்கு மும்பை). லிமிட் ரீஜனுக்கு ரீஜன் தனி. டிஃபால்ட் மதிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்களுக்கு அமலில் இருப்பது வேறு கட்டத்தில் இருக்கும்.

எவ்வளவு கேட்பது? விநாடிக்கு வரும் ரிக்வெஸ்டை, ஒன்று ஓட ஆகும் விநாடியால் பெருக்குங்கள். எனக்கு உச்சத்தில் 150, ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி. ஆக 300. அதென்ன 2 விநாடி என்று பார்த்தால், மெமரியை 128 எம்பியிலேயே விட்டிருக்கிறேன். லாம்டாவில் மெமரியை ஏற்றினால் சிபியுவும் சேர்ந்து ஏறும். 1,024 வைத்ததும் 0.4 விநாடி, தேவை 60 ஆகிவிட்டது. கேட்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஆனாலும் 1,000 கேட்டேன். கணக்கில் உள்ள மற்ற ஃபங்ஷன்களும் இதே குடத்துத் தண்ணீரைத்தான் மொள்கின்றன.

காரணம் கேட்டால் "போதவில்லை, ஏற்றவும்" என்று எழுதாதீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன்; விவரம் கேட்டு பதில் வந்தது, ஒரு நாள் போனது. பிறகு இப்படி எழுதினேன்: "மும்பை ரீஜன். இப்போது 10, வேண்டியது 1,000. தேர்வு முடிவு வெளியாகும் நேரத்தில் விநாடிக்கு 150 ரிக்வெஸ்ட், சராசரி 0.4 விநாடி. இதே கணக்கில் வேறு ஃபங்ஷன்களும் ஓடுகின்றன." லிமிட்டை ஏற்றக் கேட்கக் காசு கிடையாது, இலவச சப்போர்ட் பிளானே போதும். 15 நிமிட டைம்அவுட்டை (ஒரு ஃபங்ஷன் ஒரு தடவை ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) மட்டும் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அது ஏறாது.

லிமிட் ஏறியதும் அடி டேட்டாபேஸுக்கு மாறும். என் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் டிஃபால்டாக ஒரே சமயத்தில் 100 கனெக்‌ஷன்தான் தரும். அதனால் ரிசல்ட் ஃபங்ஷனுக்கு மட்டும் ரிசர்வ்டு 80 என்று பூட்டினேன்; அதற்கென்று 80 ஒதுக்கியாகிவிடும், அதற்கு மேல் ஓடாது. 10 இருந்தபோது இந்தப் பூட்டையும் போட முடியாது. எந்த ஃபங்ஷனுக்கும் ஒதுக்காமல் பொதுவில் 100 விட்டுவைத்தே ஆக வேண்டும்.

அடுத்த ரிசல்ட் அன்று கிளவுட்வாட்ச் (ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவை) கிராஃபை மேக்ஸிமமில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவரேஜில் வைத்தால் அந்த ஆறு மணி முனை தெரியாது. ஒரே சமயத்தில் ஓடும் எண்ணிக்கை 71 வரை போய் இறங்கியது.