கவுண்டரில் கேட்காமல் விடும் கேள்விகள்: மருந்தாளுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று ஒருவர் கேட்டதும் கை தானாகவே பாராசிட்டமால் அட்டைக்குப் போய்விடும். மருந்துக் கடையில் நடக்கும் பல தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. எடுத்த மருந்து சரியாகவே இருக்கும், சாப்பிடப் போகிறவருக்குத்தான் அது ஒத்துவராது. யாருக்கு, என்ன வயசு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க அரை நிமிஷம் போதும். சாயங்காலக் கூட்டத்திலும் அந்த அரை நிமிஷத்தை விட்டுவிடக் கூடாது.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர், தினமும் குடிப்பவர், மிகவும் மெலிந்தவர் ஆகியோருக்கு அதைவிடக் குறைவு. 650 மில்லிகிராம் மாத்திரையை நாலு வேளை போட்டால் 2,600. அதே ஆள் மூட்டு வலிக்கு அசெக்ளோஃபெனாக்கும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை இரண்டு வேளை போடுகிறார் என்றால் இன்னும் 650. சளிக்கு வாங்கிய கூட்டு மாத்திரையில் 500 மில்லிகிராம் இருந்து, அதை மூன்று வேளை போட்டால் இன்னொரு 1,500. மொத்தம் 4,750! மூன்று அட்டையிலும் வேறு வேறு பெயர் இருப்பதால் அவருக்கு இது தெரிய வழியில்லை. அட்டையின் பின்பக்கம் படிக்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் நீங்கள் ஒருவர்தான்.

குழந்தைகளுக்கு ஆபத்து வேறு மாதிரி வருகிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், ஆகவே ஒன்றரை மில்லி போதும். 5 மில்லிக்கு 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. போன தடவை சிரப் வாங்கிய அம்மா இந்தத் தடவை சொட்டு மருந்து வாங்கிப் போய், பழைய ஞாபகத்தில் 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அதனால் எடையைக் கேட்டு, அளவை மில்லியில் எழுதி, அளவுக் குழலில் அந்தக் கோட்டைக் காட்டிக் கொடுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலும் அது ஒவ்வொரு அளவு. சளி, இருமல் சிரப்பைப் பொறுத்தவரை, 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் அதை நாமாக நிறுத்தச் சொல்லாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அடுத்தது வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வாரக்கணக்கில் தொண்டை அரிப்பும் இருமலும். சிரப் மாற்றி சிரப் வாங்கிப் போகிறவரிடம் பிபி மாத்திரை என்ன என்று கேட்டுப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகையாக இருந்தால் இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், சில மாதம் கழித்துக்கூட அது தொடங்கும். டாக்டர் மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரத்தில் இருமல் அடங்கிவிடும். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்குவதும் இதே கதைதான், மாத்திரையே காரணமாக இருக்கலாம். ராமிப்ரிலோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு இடுப்பு வலி என்று டைக்ளோஃபெனாக் கொடுப்பது இதைவிட மோசம். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது, வயதானவர்களுக்கு ரொம்பவே ஆபத்து.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது படர்தாமரை. க்ளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீமை, சீட்டு இல்லாமலே கேட்டு வாங்குகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுவதால் நல்ல மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறார்கள். உள்ளே பூஞ்சை சாகவில்லை, ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைத்திருப்பதால் அது இன்னும் பரவுகிறது. வட்டத்தின் விளிம்பு மங்கிப்போவதால் தோல் டாக்டருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிறது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழும் கோடுகள் பிறகு மறைவதில்லை. சிறிய இடத்தில் இருந்தால் வெறும் க்ளோட்ரிமசோல் போதும், தடிப்பு மறைந்த பிறகும் 2 வாரம் தடவ வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். உடம்பில் பல இடத்தில் இருந்தால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் இருந்தால், கிரீம் விற்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரு டியூப் லாபம் போனால் போகட்டும்.

வயிற்றுப்போக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அளவு மீறி, குழந்தைக்கு ஆபத்தாகும். பொட்டலத்தைக் கொடுக்கும்போதே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுங்கள், கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து. போக்கை நிறுத்தும் லோபெரமைடு குழந்தைக்கு வேண்டாம். துத்தநாகம் 14 நாள் கொடுக்கலாம்: 6 மாதத்துக்குள் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. அப்புறம், போக்கோடு வருபவர் சர்க்கரை நோயாளியா என்று கேளுங்கள். சாப்பாடு இறங்காத நேரத்தில் க்ளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும்.

தைராக்சின் மாத்திரையோடு கால்சியமும் இரும்புச் சத்தும் ஒரே சீட்டில் வந்தால், இடையில் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்று கவரின் மேல் எழுதுங்கள்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. பழக்கத்தில் 'காலை 1' என்று கவரில் எழுதிவிட்டால் அவர் தினமும் போட்டுவிடுவார், எலும்பு மஜ்ஜை அடங்கி உயிருக்கே ஆபத்தாகும். கூட எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையோடு மாறிப்போகவும் வாய்ப்புண்டு. 'வாரம் ஒரு முறை, ஞாயிறு' என்பதுபோல டாக்டர் சொன்ன கிழமையைப் பெரிதாக எழுதி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூட்டு வலிக்காரர் ஒருவர் திடீரென்று வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டு வந்தால், அது மெத்தோட்ரெக்சேட் அளவு மீறியதன் அறிகுறியாக இருக்கலாம், ஜெல்லை எடுப்பதற்கு முன் அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். தினமும் என்றால் அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம் என்று சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.